ஒட்டுக் கம்மும் தின்னரும் மூளையை என்ன செய்கின்றன? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவக் குழுவின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் ஏழு ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

மகனுக்கு வயது 22. 15 வயதில் குஷன் வேலை பழகப் போனவன், அங்கேயே கம் மணக்கப் பழகி 6 வருடம் விடவில்லை. இப்போது விட்டு 3 மாதம். ஆனால் குடித்தவன் போலத் தள்ளாடி நடக்கிறான், கை நடுங்குகிறது, சொன்னதை மறக்கிறான். "குளிக்கப் போ" என்றால் "ஓம்" என்பான், பிறகு இருந்த இடத்திலேயே இருப்பான். கதை மட்டும் ஒழுங்கு. ஸ்கான் பார்த்த வைத்தியர் மூளையின் வெள்ளைப் பகுதி பாதிக்கப்பட்டுவிட்டது என்கிறார். சொந்தக்காரர் சோம்பல், நடிப்பு என்கிறார்கள். எது சரி? சுகம் வருமா?
*ஒரு தாய், சுன்னாகம்*

வைத்தியர் சொன்னதுதான் சரி. நீங்கள் எழுதியிருக்கும் அத்தனையும், அந்த "ஓம்" உட்பட, அந்த வெள்ளைப் பகுதியோடு சம்பந்தப்பட்டவை.

குஷன் கடைக் கம், பெயின்ட் தின்னர் ஆகிய இரண்டிலும் பெரும்பாலும் இருக்கும் கரைப்பான் தொலுயீன். அது கொழுப்பில் நன்றாகக் கரையும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலிலிருந்து இரத்தம், இரத்தத்திலிருந்து மூளை என்று ஒரு சில நிமிடத்துக்குள் சேர்ந்துவிடும். மூளையில் கொழுப்பு கூடுதலாக இருப்பது எங்கே? நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையில். நீரை நீக்கிப் பார்த்தால் அந்த உறையின் எடையில் 70 முதல் 80 வீதம் கொழுப்புத்தான். மூளையின் உட்பகுதி வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணமும் அதே உறை. கரண்ட் வயருக்கு மேலிருக்கும் றப்பர் மாதிரி அது நரம்பு இழைக்கு ஒரு காப்பு. உறை நன்றாக உள்ள தடித்த நரம்பில் செய்தி வினாடிக்கு 100 மீற்றர் வரை ஓடும். உறையே இல்லாத மெல்லிய நரம்பில் சுமார் 1 மீற்றர்தான்.

இப்போது மகனின் கதைக்கு வருவோம். சொற்கள், இலக்கணம், பழைய நினைவுகள் எல்லாம் பெரும்பாலும் மூளையின் மேற்பரப்பிலுள்ள சாம்பல் நிறப் பகுதியைச் சார்ந்தவை. தொலுயீன் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே பேச்சு ஒழுங்காக இருக்கும், ஊர் பெயர், ஆள் பெயர் எல்லாம் சரியாக வரும். அடிபடுவது வேகம், கவனம், புதிதாக ஒன்றை மனதில் வைத்திருத்தல், ஒரு வேலையைத் தானாகத் தொடங்குதல். "குளிக்கப் போ" என்றது அவருக்கு விளங்கிவிட்டது, "ஓம்" என்றதும் பொய்யல்ல. எழும்பு, துவாயை எடு, கிணற்றடிக்குப் போ என்று அடுத்தடுத்துக் கட்டளை கொடுத்து உடலை அசைக்க, மூளையின் முன்பகுதி மற்றப் பகுதிகளோடு தொடர்பு கொள்ள வேண்டும். அந்த வயர்கள்தான் பழுது. சொந்தக்காரருக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்துங்கள். சோம்பேறிக்கு வேண்டிய வேலை என்றால் துள்ளி எழும்புவான். இந்தப் பிள்ளை தனக்கு விருப்பமான சாப்பாட்டுக்குக் கூட மெதுவாகத்தான் எழும்புவார்.

தள்ளாட்டமும் நடுக்கமும் சிறுமூளையும் அதன் தொடர்புகளும் பாதிக்கப்பட்டதைக் காட்டுகின்றன. வீட்டிலேயே கவனித்துப் பாருங்கள். மாபிள் தரையின் இணைப்புக் கோட்டில், ஒரு காலின் விரல் நுனிக்கு முன்னால் மற்றக் காலின் குதி படும்படி 10 அடி நடக்கச் சொல்லுங்கள், விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்துப் பாருங்கள். கை மடியில் கிடக்கும்போது நடுக்கம் இருக்காது, கோப்பை வாய்க்குக் கிட்ட வர வரத்தான் கூடும். பார்க்கின்சன் நோயில் இதற்கு மறுவளம், சும்மா இருக்கும் கைதான் நடுங்கும். பார்த்ததைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்து பார்த்தால் கூடுகிறதா குறைகிறதா என்று கிளினிக்கில் சொல்ல உங்களிடம் கணக்கு இருக்கும்.

இது மகனுக்கு மட்டும் வந்த புதுமையல்ல. 1986இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நீண்டகாலம் கரைப்பான் முகர்ந்த 20 பேரை, குறைந்தது 4 வாரம் நிறுத்திய பிறகு சோதித்தார்கள். 13 பேரிடம் நரம்புப் பாதிப்பு இருந்தது. 12 பேருக்கு அறிவாற்றல் குறைவு, 9 பேருக்குச் சிறுமூளைப் பாதிப்பு. மயக்கம் தெளிந்து வாரக் கணக்கான பிறகும் மிஞ்சி நின்றவை இவை.

சுகம் வருமா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறோம். உறை மட்டும் கெட்ட இடங்களில் ஓரளவு திருத்தம் நடக்கும். இழையே அறுந்து, மூளை சுருங்கிய இடங்களில் நடக்காது. அவுஸ்திரேலியாவின் வடபகுதிப் பழங்குடிச் சமூகங்களில் பெற்றோல் முகர்ந்தவர்களை, விட்டு 2 வருடங்களுக்குப் பிறகு திரும்பச் சோதித்தபோது பலரின் நரம்பு, நினைவாற்றல் சோதனைகள் பெருமளவு சீராகியிருந்தன. ஈயம் கலந்த பெற்றோலால் மூளை நஞ்சேறி வைத்தியசாலையில் கிடந்தவர்களுக்கு மட்டும் குறை தங்கிவிட்டது. உங்கள் மகனுடையது பெற்றோலல்ல, தொலுயீன். ஸ்கானிலேயே தெரியும் அளவுக்குப் பாதிப்பும் வந்துவிட்டது. முழுச் சுகம் என்று வாக்குத் தர முடியாது. ஆனால் 3 மாதத்தில் கணக்கை முடிக்கவும் வேண்டாம், 2 வருடம் வரை காத்திருந்து பாருங்கள். அதற்கிடையில் திரும்ப மணக்கத் தொடங்கினால் மிஞ்சியிருப்பதும் போகலாம்.

மருந்து? தொலுயீனுக்கு மாற்று மருந்து கிடையாது. செய்யக்கூடியவை வேறு. நரம்பியல் கிளினிக்குக்குப் போகும்போது அவர் பாவித்த கம் பேணியின் லேபலைப் போனில் படம் பிடித்துக் கொண்டுபோங்கள் (பேணியைக் கொண்டுபோகாதீர்கள்). எந்த வயதில் தொடக்கம், கிழமைக்கு எத்தனை நாள், கடைசியாக எந்தத் திகதி, கூடவே சாராயம், கஞ்சா உண்டா என்பதையும் ஒரு துண்டில் எழுதுங்கள். இரத்தத்தில் பொற்றாசியம், சிறுநீரகம், ஈரல், தைரொயிட், பி12 பார்க்க வேண்டும். காதும் கண்ணும் தனியாகச் சோதிக்கப்பட வேண்டும், தொலுயீன் கேட்கும் நரம்பையும் பார்வை நரம்பையும் கெடுக்கும். பிள்ளை "கவனிக்காமல்" இருப்பதற்குக் காதும் ஒரு காரணமாக இருக்கலாம். இளவயது ஆணின் வெள்ளைப் பகுதி கெட்டிருந்தால் பரம்பரை நோயொன்றும் அதே மாதிரித் தோன்றலாம். அதைத் தவிர்க்க வைத்தியர் மிக நீள்சங்கிலிக் கொழுப்பமிலச் சோதனை ஒன்று கேட்டால் வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதில் முதலாவது கிணறு. யாழ்ப்பாணத்து வீடுகளில் பல கிணற்றுக்கட்டுகள் இடுப்பளவுக்குக் கூட இல்லை. சமநிலை இல்லாத பிள்ளை குனிந்து வாளி இழுக்கக்கூடாது. தண்ணீரை நீங்கள் இறைத்துக் கொடுங்கள், அல்லது குழாயடியில் ஒரு கதிரையில் இருத்திக் குளிக்க விடுங்கள். சைக்கிள், மோட்டார் சைக்கிள், கிறைண்டர், தனியே அடுப்படி, இவை இப்போதைக்கு வேண்டாம். கட்டளையை உடைத்துக் கொடுங்கள். "குளிக்கப் போ" அல்ல. "துவாயை எடு." எடுத்த பிறகு, "வா." ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே ஒழுங்கு. சுவரில் கலண்டர், போனில் அலாரம், சட்டைப் பையில் சின்னக் கொப்பி. பிசியோதெரபி கொடுக்கும் நடைப் பயிற்சியை ஒரு நாளைக்கு 10 நிமிடம் 2 தரம் செய்தால் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் செய்வதைவிடப் பலன். குஷன் கடைக்குத் திரும்ப அனுப்பவே வேண்டாம். மணம் ஆசையைக் கிளப்பும், ஆசை வராவிட்டாலும் அந்தக் காற்றே போதும் நஞ்சுக்கு. வேறு தொழிலுக்கும் உதவிக்கும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

தம்பிக்கு 19 வயது. ஒரு விடிய எழும்பப் பார்த்தான், கையும் காலும் தூக்க ஏலவில்லை. வைத்தியசாலையில் பொற்றாசியம் 1.9 என்று சொல்லி ஏற்றினார்கள், இரண்டு நாளில் நடந்து வந்துவிட்டான். அவன் தின்னர் மணக்கிறவன். அதை நாங்கள் வெட்கத்தில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?
*அண்ணன், சாவகச்சேரி*

கட்டாயம். இனியாவது சொல்லுங்கள், கிளினிக் திகதி வரும்வரை இருக்க வேண்டாம்.

ஈரல் தொலுயீனை ஹிப்பூரிக் அமிலமாக மாற்றுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றும்போது பொற்றாசியமும் கூடப் போகிறது. அத்துடன் சிறுநீரகக் குழாய்கள் அமிலத்தை வெளியேற்றும் வேலையிலும் பிசகுகின்றன. ஆகவே இரத்தம் அமிலமாகிறது, பொற்றாசியம் இறங்குகிறது. சாதாரண அளவு 3.5 முதல் 5. 2.5க்குக் கீழே போனால் தசைகள் இயங்காது, இதயத் துடிப்பும் தடுமாறும். இதயத் தடுமாற்றம்தான் ஆளைக் கொல்லும்.

மறைப்பதில் இரண்டு ஆபத்து. ஒன்று, திடீர் வாதத்தைப் பார்த்து ஜியாம்-பரே போன்ற வேறு நோயென்று நினைத்து அதற்கு வைத்தியம் தொடங்கலாம். மற்றது, பொற்றாசியத்தை ஏற்ற முன் அமிலத்தைச் சரிக்கட்டப் போனாலோ குளுக்கோஸ் சேலைன் ஏற்றினாலோ, இருக்கிற பொற்றாசியமும் தசைக்குள் போய் இரத்தத்தில் இன்னும் இறங்கிவிடும். காரணம் தெரிந்த வைத்தியர் முறையை மாற்றிச் செய்வார். நீங்கள் சொன்னது நோயாளர் குறிப்பில் இருக்கும், பொலிசுக்குப் போகாது.

ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். பொற்றாசியத்தால் வரும் பலவீனம் மணித்தியாலங்களில் வந்து, ஏற்றினால் ஓரிரு நாளில் தீரும். விரல் நுனியிலும் பாதத்திலும் விறைப்புத் தொடங்கி, வாரக் கணக்கில் மேலேறி, நடக்கும்போது பாதம் தொங்கினால் அது வேறு. சில கம்களில் உள்ள ஹெக்சேன் கை கால் நரம்புகளைக் கெடுப்பது அப்படித்தான். ஹெக்சேனில் ஒரு கெட்ட குணம் உண்டு: விட்ட பிறகும் 2, 3 மாதம் வரை பலவீனம் கூடிக்கொண்டே போகலாம். "விட்டும் கூடுதே, களவாய் மணக்கிறான்போல" என்று வீட்டில் அடி விழுவது இந்தக் கட்டத்தில்தான். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

9ஆம் வகுப்பில் ஒரு மாணவன் மேல் சந்தேகம். எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? கையோடு பிடித்தால் என்ன செய்வது?
*ஆசிரியை, வடமராட்சி*

மூச்சில் மணித்தியாலக் கணக்காக நிற்கும் பெயின்ட் அல்லது கம் மணம், விரலிலும் சட்டைக் கையிலும் காய்ந்த கறை, வாயையும் மூக்கையும் சுற்றிச் சிவந்து வெடித்த தோல், நண்பகலில் தலையிடி, எழுத்து சடுதியாகக் கோணலாதல். ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். வாய்ச் சுற்றுப் புண் குளிர் காலத்திலும் வரும்.

கையோடு பிடித்தால் துரத்த வேண்டாம், கத்த வேண்டாம், அடிக்கவே வேண்டாம். கரைப்பான் ஏறிய இதயம் அட்ரினலினுக்கு மிதமிஞ்சித் துடிக்கும். பயத்திலும் ஓட்டத்திலும் அட்ரினலின் எகிறினால் துடிப்பு ஒழுங்கு குலைந்து ஆள் அந்த இடத்திலேயே விழுந்து இறக்கலாம். 1970இல் அமெரிக்காவில் இப்படி இறந்த 110 இளைஞர்களைப் பற்றி ஒரு மருத்துவ இதழ் எழுதிய பிறகுதான் இதற்குத் "திடீர் முகர்வுச் சாவு" என்று பெயர் வந்தது. முதல் முறை மணந்தவனும் இப்படிச் சாகலாம். மெதுவாகப் பேசி, பொருளை வாங்கி, காற்றோட்டமான இடத்தில் இருத்துங்கள். பக்கத்தில் நெருப்புக் குச்சி தட்டக்கூடாது. அரை மயக்கமென்றால் இடது பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். மூச்சில்லை என்றால் 1990 அம்புலன்ஸை அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம் அமுக்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பழகியவரென்றால் 30 அமுக்கலுக்கு 2 மூச்சு.

தெளிந்த பிறகு பெற்றோரும் பாடசாலை ஆலோசனை ஆசிரியரும். வீட்டில்தான் பிரச்சினை என்றால் சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இன்னொன்று: காலைக் கூட்டத்தில் எந்தெந்தப் பொருளில் "போதை" இருக்கிறது என்று பட்டியல் வாசிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து நிறுத்துங்கள். அதுவரை தெரியாத பிள்ளைக்கும் அது வழிகாட்டி. "இது நஞ்சு, பாவிக்கும்போது சன்னலைத் திற" என்று சொல்வது போதும்.

கணவர் 12 வருடமாக பைபர் படகு திருத்துகிறார். பின்னேரம் தலையிடி, எரிச்சல், சின்ன விடயத்துக்கும் கோபம். முகத்துக்கு லேஞ்சி கட்டித்தான் வேலை. கம் மணப்பவர்களுக்கு வரும் மூளை நோய் இவருக்கும் வருமா?
*குருநகர்*

வேண்டுமென்று முகர்பவர் இழுக்கும் காற்றில் தொலுயீன் பத்து இலட்சத்தில் ஆயிரக் கணக்கான பங்கு இருக்கும். வேலைத்தலத்தில் நாள் முழுதும் இருக்க அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் பரிந்துரைக்கும் உச்சம் 20 பங்கு. ஆகவே முதல் கடிதத்து மகனுக்கு முகர்ந்து வந்த நோயும் இவருடையதும் ஒரே தராசில் இல்லை. ஆனால் குறைந்த அளவு பல வருடம் என்றால் அதற்கும் விலை உண்டு. 1970களில் ஸ்கன்டினேவிய நாடுகளின் பெயின்டர்களிடம் மறதி, எரிச்சல், களைப்பு என்று இதை முதலில் கவனித்தார்கள்.

பைபர் வேலையில் முக்கியமான நஞ்சு ஸ்டைரீன். றெசினில் (பைபரில் பூசும் பசையில்) மூன்றிலொரு பங்குக்கு மேல் அதுதான். அது நிறம் பிரித்தறிவதையும் கேட்பதையும் குறைக்கும். ஒரு சோதனை: ஞாயிற்றுக்கிழமை, திருவிழாக் காலம் என்று 3, 4 நாள் வேலைக்குப் போகாதபோது தலையிடியும் கோபமும் குறைகிறதா? குறைந்தால் காரணம் வேலைதான்.

லேஞ்சி, துணி மாஸ்க், என்95, இவை தூசைத்தான் தடுக்கும், ஆவியை அல்ல. வேண்டியது றப்பர் முகமூடியில் பூட்டும் கரிக் குப்பி. ஐரோப்பியக் குப்பியென்றால் கபில நிற வளையமும் "ஏ" வகைக் குறியும் இருக்கும், அமெரிக்க வகையில் கறுப்பு. தாடி இருந்தால் முகத்தோடு ஒட்டாது. உள்ளே மணம் வரத் தொடங்கினால் குப்பி முடிந்தது, மாற்ற வேண்டும். வேலை முடிய முகமூடியைக் காற்றுப் புகாத பையில் போட்டு வைக்காவிட்டால் மேசையில் கிடந்தபடியே குப்பி நிறைந்துவிடும்.

ஸ்டைரீன் ஆவி காற்றைவிட 3 மடங்குக்கு மேல் கனம். படகின் அடித்தளத்தில் தண்ணீர் போலத் தேங்கும். குனிந்து உள்ளே பூசும்போது அவர் முகம் அதற்குள்தான். படகின் உட்காற்றை வெளியே இழுக்கிற மாதிரி மின்விசிறி வையுங்கள், வெளியில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வேலை முடிய கையை அசற்றோனில் கழுவும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள், சவர்க்காரம் போதும்.

மகனுக்குத் தெரியாமல் சிறுநீர் எடுத்துச் சோதித்தால் பிடிபடுமா?
*தந்தை, மானிப்பாய்*

கடைகளில் விற்கும் போதைச் சோதனைப் பட்டி கஞ்சா, ஹெரோயின் போன்றவற்றுக்குத்தான், கம்முக்கும் தின்னருக்கும் அல்ல. தொலுயீனிலிருந்து உடலில் உண்டாகும் ஹிப்பூரிக் அமிலத்தை ஆய்வுகூடத்தில் பார்க்கலாம். ஆனால் சோடியம் பென்சோயேற் சேர்த்த சோடா, ஜாம் எடுத்தாலும் அது கூடும், ஒரு நாளில் இறங்கியும் விடும். களவாக எடுத்த சோதனை "இல்லை" என்று வந்தால் உங்களுக்குப் பொய் நிம்மதி. நேராகக் கேளுங்கள். பேச்சு எடுபடாவிட்டால் 1926 மனநல உதவி இலக்கம், 1927 போதைப்பொருள் ஆலோசனை இலக்கம்.

கரைப்பானால் கெட்ட ஞாபகசக்திக்கு வல்லாரைச் சம்பல், விற்றமின் குளிசை உதவுமா?
*நல்லூர்*

வல்லாரைச் சம்பல் சோற்றுக்கு நல்ல கூட்டு, மூளைக்கு மருந்தல்ல. சாராயமும் சேர்த்து எடுத்தவருக்கு தயமின் (விற்றமின் பி1), இரத்தத்தில் பி12 குறைந்தவருக்கு பி12, இவை மட்டும் வைத்தியர் சொன்னால் பலன் தரும்.

பெற்றோலை வாயால் இழுத்து எடுப்பேன். இதனாலும் மூளை பழுதாகுமா?
*கோப்பாய்*

ஒன்றிரண்டு தடவை வாய் வைத்ததால் மூளை கெடாது. பயம் நுரையீரலுக்குத்தான். பெற்றோல் மிக மெல்லியது, புரையேறி ஒரு சில மில்லிலீற்றர் உள்ளே போனாலே நுரையீரல் வெந்துபோகும். விழுங்கிவிட்டால் சத்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் பாலும் வேண்டாம். திரும்ப மேலே வரும்போதுதான் நுரையீரலுக்குள் போகும். வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இருமல், மூச்சு முட்டல், நெஞ்சு நோவு ஏதேனும் வந்தால் உடனே வைத்தியசாலை. எதுவும் இல்லையென்றாலும் 6 மணித்தியாலம் தனியே இருக்க வேண்டாம். ஒரு நுனியில் றப்பர் குமிழ் பொருத்திய கைப்பம்பு ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். வாங்கி மோட்டார் சைக்கிளோடு வையுங்கள்.